ரிப்பேர்க்காரரின் காபிக் கேள்வி

அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் விண்டோஸா லினக்ஸா என்று யாரையும் கேட்க மாட்டார். "வீட்டுல காபி எப்படிப் போடுவீங்க?" என்றுதான் கேட்பார். பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவருக்கு விண்டோஸ். கொட்டையை வறுத்து, அரைத்து, சொட்டுச் சொட்டாக வடிவதைக் கண் இமைக்காமல் பார்த்து நிற்கிறவருக்கு லினக்ஸ். இருபது வருஷமாக இந்தக் கணக்கு தப்பியதில்லை என்று அவருக்கு ஏகப் பெருமை.

நேற்று லேப்டாப்போடு வந்த தையல்கார அம்மா திருப்பிக் கேட்டார்: "அப்போ நீங்க எந்த ரகம்?"

"லினக்ஸ்தான்!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாத்தையும் நானே செஞ்சாத்தாம்மா எனக்குத் திருப்தி."

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து காபியோடு வந்த மனைவி டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"வறுத்தாச்சு, அரைச்சாச்சு, வடிச்சாச்சு, ஆத்தியும் ஆச்சு. குடிக்கிறதையாவது நீங்களே செய்யுங்க!"