பட்டினி கிடந்து மஸ்கட் புறப்பட்டேன்

சென்னை விமான நிலையத்தில், எட்டு மாதக் குழந்தை என் மடியில் துவண்டு கிடந்தது. அழுதழுது அதற்குக் குரலே போய்விட்டது. "ஆண்டவரே, எங்கே இருக்கிறீர்?" என்று நான் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. அன்பான விசுவாசிகளே, அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுகந்தி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஊர். என் கணவர் தானியேல் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தார். நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். மகள் ஷாரோனை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். போன வருடம் ஜூன் மாதம் எனக்கும் குழந்தைக்கும் விசா வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள், பயந்து செத்தேன். லோக்கல் ரயிலில் சென்ட்ரலைத் தாண்டித் தனியாகப் போகாதவள் நான். கைக்குழந்தையோடு விமானத்தில் எப்படிப் போவது? சபையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். குழந்தைக்குக் காது வலிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் திட்டுவார், பேப்பரில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியை அடுக்குவேன், பிரிப்பேன், மறுபடி அடுக்குவேன். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். எனக்குப் படபடப்பு கூடப் பிறந்தது.

எங்கள் சபையில் பெரிய காரியம் எதற்கும் உபவாசம் இருந்து ஜெபிப்போம். நான் ஒரு படி மேலே போனேன். புதன்கிழமை ராத்திரி முதல், வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் இறங்கும்வரை வெறும் தண்ணீர்தான் என்று பொருத்தனை செய்தேன். பால் கொடுக்கும் தாய்மார் உபவாசம் இருக்க வேண்டாம் என்று பாஸ்டரம்மா எப்போதும் சொல்வார். அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை. என் மாமியார் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாமா இது? பால் குடுக்கறவ பட்டினி கெடந்தா ஆவுமா?"

"நீங்க சும்மா இருங்கத்தே. கர்த்தர் பாத்துப்பாரு."

அப்படித்தான் வெடுக்கென்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறியதிலிருந்தே ஷாரோன் மாரில் வாய் வைப்பாள், உறிஞ்சுவாள், விட்டுவிட்டு வீறிடுவாள். இது சத்துருவாகிய பிசாசின் தடை என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபித்தேன். புட்டிப்பால் அவளுக்கு ஆகாது. ரப்பரை வைத்தாலே துப்பிவிடுவாள். ஊட்டிய கூழையும் அன்று துப்பினாள். விமான நிலைய வாசலோடு மாமியார் நின்றுவிட்டார். உள்ளே நானும் குழந்தையும் மட்டும்தான்.

எல்லா சோதனையும் முடிந்து விமானம் ஏறும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது ஷாரோன் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுகையைவிட அதுதான் பயமாக இருந்தது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பார்த்துவிட்டு டாக்டரை வரவழைத்தாள்.

"கடைசியா எப்பம்மா யூரின் போனா?" என்று டாக்டர் கேட்டார்.

விடியற்காலையில் கட்டிய டயப்பர் அப்படியே காய்ந்து கிடந்தது. அவர் கரைத்துக் கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீரையும் அவள் துப்பினாள். "பால் குடிச்சு யூரின் போகட்டும். இல்லன்னா பயணம் வேணாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார். ஒன்றரை மணி நேரத்தில் விமானம். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எதிர் நாற்காலியிலிருந்து ஓர் அக்கா எழுந்து வந்தார். மஸ்தான்பீ என்று பெயர், ஆரம்பாக்கத்துக்காரர். பத்து வருடமாக மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிறவர்.

"நீ இன்னா துன்ன காலைல?"

"ஒண்ணும் இல்லக்கா. உபவாசம்."

"எத்தினி நாளா?"

சொன்னேன். அந்த அக்கா என்னை முறைத்த முறைப்பு! "நாங்களுந்தான் நோம்பு வெக்கறோம். கைப்புள்ளக்காரி நோம்ப தள்ளி வெச்சிக்கலாம்னு சொல்லிக்கீது. நீ பட்டினி கெடந்தா உன் புள்ளயும் கூடவே பட்டினி கெடக்குதே, அது இன்னா பொருத்தன பண்ணிச்சு?"

அந்த அக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து என் கையில் திணித்தார். எலுமிச்சை சோறும் ஒரு முட்டையும். நான் தயங்கினேன். தேவனுக்குக் கொடுத்த வாக்கு ஆயிற்றே! குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. "அப்பா, என்னை மன்னியும்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டேன். முதல் கவளத்திலேயே அழுகை பொங்கியது. அழுதுகொண்டே டப்பாவைக் காலி செய்தேன். அந்த அக்கா இரண்டு பாட்டில் தண்ணீரும் குடிக்க வைத்து, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரம் போயிருக்கும். மார்பு கடுத்தது. ஷாரோனை எடுத்து அணைத்தேன். அவள் குடித்தாள். மடக் மடக்கென்று சத்தம் கேட்கக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில், டயப்பரை மாற்றக் கழற்றினேனோ இல்லையோ, என் புதுச் சுடிதாரெல்லாம் நனைந்தது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று நான் கத்தியதில் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மறுபடி பார்த்து, சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

அன்பானவர்களே, குழந்தை அழக் கூடாது என்று ஜெபித்தேன். அவள் எதற்காக அழுகிறாள் என்று கேட்கவில்லை. என் பட்டினியைக் காட்டி ஆண்டவரிடம் பேரம் பேசினேன். அவரோ எனக்குச் சோறு போட்டு ஜெபத்துக்குப் பதில் தந்தார். உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றும் இருக்கிறேன். ஆனால் மகள் பால் மறந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தேன். மாமியாரிடம் போனில் மன்னிப்பும் கேட்டேன். பயம் வந்தால் இப்போது முதலில் கூட இருப்பவர்களிடம் வாய் திறந்து சொல்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். அவர் யாரை அனுப்பினாலும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

விமானத்தில் ஏறும்போதுதான் அந்த அக்காவிடம், "உங்களுக்குச் சாப்பாடு?" என்று கேட்டேன். "அதான் ஏரோப்ளேன்ல குடுப்பாங்களே, நீ போ" என்றார். எனக்கு என்ன தெரியும், முதல் பயணம். ஏறிய பிறகுதான் அந்த விமானத்தில் சாப்பாடு கொடுக்கும் வழக்கமே இல்லை என்று தெரிந்தது. பத்து வருடம் போய் வந்தவருக்குத் தெரியாதா? நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அவர், மஸ்கட் வரும்வரை தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு வந்தார்.