நீல வயரில் பூட்டிய பியூஸ்

சென்ற மாரிக்காலம், அக்கராயனில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றை நானே செய்து வைத்திருந்தேன். ஒட்டுப்பலகைப் பெட்டி, சூட்டுக்கு நாலு பல்ப், பாதுகாப்புக்கு ஒரு பியூஸ். எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்ததுதான். அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியாது, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் திறந்து காட்டினேன். ஒழுங்கையில் ஆறேழு வீட்டிலிருந்து முட்டை வந்து சேர்ந்தது.

அதில் பத்து முட்டை மின்விசிறியும் ரேடியோவும் திருத்தும் ஒரு பெண்ணுடையது. மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பொம்பிளைப் பிள்ளை என்ன திருத்தப் போகிறாள் என்று நான் ஒரு சாமானும் அவரிடம் கொடுத்ததில்லை. வெட்கம்தான், ஆனால் உண்மை.

முட்டை வைத்துப் பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சு வந்துவிடும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் நாலு பல்பும் ஒன்றாக அணைந்தன. பார்த்தால் பியூஸ் எரிந்திருந்தது. வேறொன்று கைவசமில்லை. முட்டை குளிர்ந்தால் ஊருக்கு என்ன பதில் சொல்வேன்? அவசரத்தில் பழைய வயரிலிருந்து செப்புக் கம்பி ஒன்றை உருவினேன். பியூஸ்தான் போய்விட்டதே, உள்ளே ஏது கரண்ட் என்று பிளக்கைக் கழற்றாமலே கையை நீட்டினேன்.

முட்டை பார்க்க வந்த அந்தப் பெண் குடையோடு படியேறியது அப்போதுதான்.

“அண்ணை, கையை எடுங்கோ.”

சத்தமே போடவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் என் கை நின்றுவிட்டது. பியூஸ் போயிட்டுது தங்கச்சி, கரண்ட் இல்லை என்றேன். அவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, நான் தொடப்போன இடத்திலேயே வைத்தார். சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. நான் வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்றிருந்தேன். இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.

“கரண்ட் வாற வயரில பியூஸ் இருக்கவேணும் அண்ணை. நீங்கள் திரும்பிப் போற வயரில பூட்டியிருக்கிறியள்.”

எந்த வயரில் பூட்டினால் என்ன, பியூஸ் எரிந்தால் பல்ப் அணையும்தானே என்று கைக்கு எட்டிய நீல வயரில் பூட்டியவன் நான். மண்ணிற வயரால் வந்த கரண்ட் பல்பையும் கடந்து வந்து, எரிந்த பியூஸின் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பிளக்கைக் கழற்றியதும் அவர் வயரைத் தொடவில்லை. முதலில் என் மனைவியிடம் உமியை இளஞ்சூடாக வறுக்கச் சொன்னார். துவாயில் சுற்றிய முட்டைகளை அதற்குள் புதைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பல்ப் சூட்டில் உறை உருகி இரண்டு வயர்கள் ஒட்டிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார். செப்புக் கம்பியைப் போட்டிருந்தால் அது எரியாமல் பலகை எரிந்திருக்கும் என்றார். வயரை மாற்றி, நாலு பல்புக்கு அளவான பியூஸை மண்ணிற வயரில், அது பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே பூட்டினார். என்ன கை அது! ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

ஐந்து முட்டையைத் தவிர மிச்சமெல்லாம் பொரித்தன. குஞ்சு வாங்க வந்தவர்கள் என் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தார்கள். அவரும் பக்கத்தில்தான் நின்றார். “ஓம், நல்ல பெட்டி” என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நடந்ததை எல்லார் முன்னாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இன்று எதைத் திறந்தாலும் முதலில் பிளக்கைக் கழற்றுகிறேன். அப்போதெல்லாம், ஒரு மின்விசிறியைக்கூட நம்பிக் கொடுக்காத என் உயிரை அவர் காப்பாற்றித் தந்தார் என்ற நினைப்பு வருகிறது.