மச்சாளின் பல்லும் வினாகிரிச் சாடியும்

எங்கள் வீட்டு வினாகிரிச் சாடி இப்போது என்னிடம் இருக்கிறது. மண்ணிறப் பீங்கான். ஒரு பக்கக் காது உடைந்துவிட்டது. நாங்கள் கற்பிட்டிக் கடற்கரையோரம் கண்டக்குழியில் இருந்த காலத்தில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துச் செய்த வினாகிரி அதில் வருடம் முழுவதும் இருக்கும். மீன் அச்சாறு போட அதுதான். பெரிய வெள்ளியன்று மட்டும் சாடி அடுப்படியை விட்டு ஆண்டவருடைய சுரூபத்துக்கு முன்னால் வரும். சிலுவையில் ஆண்டவருக்குக் காடி கொடுத்தார்கள் அல்லவா, அந்தப் பாடுகளில் நமக்கும் பங்கு வேண்டும் என்று வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் முழந்தாளிட்டு ஆளுக்கொரு மிடறு குடிப்போம். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்தார்களோ தெரியாது. அம்மா செய்தால் எங்களுக்கு அது வேதம். இன்று அந்தச் சாடியைப் பார்த்தால் எனக்கு ஆண்டவருக்கு முன்னால் மச்சாளின் ஞாபகம்தான் வருகிறது. அவர் மன்னித்துக்கொள்வார்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. புத்தளத்துக்குக் கிழக்கே, காட்டுப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக் காவல்காரரின் மகள். வெள்ளைக்காரர் போவதற்குச் சில வருடங்களுக்கு முன், கருவாடு விற்கப் போன இடத்தில் அவளைக் கண்ட அண்ணன், கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டினார். நல்ல அழகி. ஆனால் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் மண்ணிறக் கறை. அவளுடைய தகப்பன், சகோதரங்கள் எல்லாருக்கும் அதே நிறம்தான். அவர்கள் ஊரில் அது ஒரு குறையே அல்ல. எங்கள் வீட்டில் அது பெருங்குறையாகிவிட்டது. பல்லு விளக்கத் தெரியாத பெட்டையை மகன் கொண்டுவந்துவிட்டான் என்று அம்மா முடிவுகட்டினார். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் முழுப் பல் உள்ளவர்கள் குறைவு, வாய் உள்ளவர்கள்தான் அதிகம். எனக்கே இருபது வயதுக்குள் இரண்டு கடைவாய்ப் பற்கள் சூத்தை பிடித்துப் போயிருந்தன.

விருந்தாளிகள் வந்தால் அம்மா அவளை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், மகள் என்றும் சொல்ல மாட்டார். “இஞ்சேர்” என்பதோடு சரி. மச்சாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். கலகலவென்று வந்த பெண் அப்படிச் சுருங்கிப்போனாள்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் தபசுகாலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய அந்த நாற்பது நாளில், அவள் மாதாவைப் பெற்ற அன்னம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். நாங்கள் பெரிய வெள்ளியன்று ஒரு மிடறு குடிப்பதை, அவள் தபசுகாலம் முழுவதும் ஒவ்வொரு மாலையும் செய்வாள். அதுவும் விழுங்காமல். செபமாலை தொடங்கும்போது ஒரு வாய் வினாகிரியை எடுத்து, மாலையின் முதல் பத்து மணிகளையும் உருட்டி முடிக்கும்வரை வாய்க்குள் வைத்திருப்பாள். நாங்கள் சத்தமாகச் செபிக்க, அவள் கன்னம் உப்ப, கண்ணீர் வழிய, மனதுக்குள் செபிப்பாள். பிறகு வெளியே துப்பிவிட்டு, உமிக்கரியை எடுத்து முன்பற்களை அழுத்தித் தேய்ப்பாள். அம்மா உருகிப்போனார். “இப்பிடித் தபசு நான் என்ட சீவியத்தில கண்டதில்ல” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறன்று மச்சாளின் முன்பற்கள் வெள்ளையாக இருந்தன. பளபளப்பில்லாத, சுண்ணாம்பு வெள்ளை. ஆனாலும் வெள்ளை. அம்மா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கோவிலில் முன்வரிசை வாங்கில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். மச்சாள் தலைப்பைக் கீழே விட்டுவிட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அன்னம்மாள் செய்த புதுமை, அற்புதம் என்று நானும் நம்பினேன்.

அந்தப் புதுமை மழைக்காலம்வரைகூட நிற்கவில்லை. முதலில் குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியவில்லை. பிறகு காற்றுப் பட்டாலே கூச்சம். ஒருநாள் பாண் துண்டின் கரையைக் கடிக்கும்போது முன்பல்லின் நுனி உடைந்து கையில் விழுந்தது. நான்தான் அவளைக் கற்பிட்டி ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா வாயைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

“என்ன பிள்ளை செய்து வச்சிருக்கிறாய்? காட்டுப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி பல்லைக் கறுப்பாக்கும், ஆனா இறுக்கும். இந்தக் கடற்கரையில பல்லுப் புடுங்கியே என்ட கை ஓஞ்சு போச்சு. உங்கட பக்கத்து ஆக்கள் பல்லுக்கெண்டு வந்ததே அருமை. பின்பல்லைப் பார், ஒண்டும் ஆகேல்ல.”

“முன்பல்லு திரும்ப வருமா ஐயா?” என்று மச்சாள் கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

பிற்காலத்தில் நான் சிலாபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தபோது, ஒவ்வொரு வருடமும் அமிலப் பாடத்தில் மச்சாள் நினைவில் வந்து நின்றாள். பல்லின் வெளிக்கவசம் கல்சியமும் பொசுபேற்றும் அடுக்கி நிற்கும் ஒரு பளிங்கு. அந்த அடுக்குக்கு நடுவே ஐதரொட்சைல் அயன்கள் வரிசையாக இருக்கின்றன. காட்டுப் பக்கத்துக் கிணறுகளைப் போலத் தண்ணீரில் புளோரைட்டு இருந்தால் அது அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூசைக்கு நடுவில் ஒருவர் வாங்கிலிருந்து எழும்பிப்போக, அதே பருமனுள்ள இன்னொருவர் வந்து இன்னும் நெருக்கமாக அமர்வது போலத்தான். அமிலம் வந்தால் அதன் ஐதரசன் அயன்கள் ஐதரொட்சைலையும் பொசுபேற்றையும் பறித்துக்கொள்ள, அடுக்கு குலைந்து கரைகிறது. புளோரைட்டு அமர்ந்த பளிங்கு அவ்வளவு எளிதில் குலையாது. சாப்பிட்டபின் வாயில் ஊறும் மெல்லிய புளிப்பை அது தாங்கும். அதற்காக வினாகிரியைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. பிள்ளைப் பருவத்தில் புளோரைட்டு அளவு மிஞ்சினால் கவசத்தில் நுண்துளைகளும் விழும், கறை அதில்தான் ஏறும். புளிப்பால் இளகிய மேற்பரப்பை உமிழ்நீர் ஓரளவு மீண்டும் இறுக்கிவிடும், விட்டுவைத்தால். எங்கள் மச்சாள் விட்டுவைக்கவில்லை. இளகியதையெல்லாம் உமிக்கரியால் வழித்தெடுத்தாள். நாங்கள் புதுமை என்று கும்பிட்டது பல் கரைந்ததை.

ஆசுப்பத்திரியிலிருந்து வந்து ஐயா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த பெரிய வெள்ளிக்குள் மச்சாளின் முன்பற்களில் பாதிக்குமேல் போய்விட்டன. சாடி சுற்றி வந்து அவளிடம் சேர்ந்தது. அவள் கையை நீட்ட, அம்மா சாடியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“உனக்கு வேண்டாம், மகள்.”

அவ்வளவுதான். அன்றுமுதல் யார் வந்தாலும் மச்சாள் அம்மாவின் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள்.

அம்மாவும் அண்ணனும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மச்சாளும் நானும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு வாய் முழுக்கக் கட்டுப் பல். இந்தப் பெரிய வெள்ளிக்கும் சாடியைச் சுரூபத்தின் முன் வைத்தேன். நான் நாக்கை நனைக்கிற அளவு எடுத்துக்கொண்டு, வேடிக்கையாக அவள் பக்கம் நீட்டினேன்.

“எனக்கெதுக்கு? நான் என்ட பங்கை அப்பவே குடிச்சு முடிச்சிட்டன்” என்று சொல்லி மச்சாள் சிரித்தாள். தலைப்பு தோளிலேயே கிடந்தது. முன்பக்கம் பல் போன வெறும் முரசு, ஈறு மட்டுமே. அதற்குப் பின்னால், இரண்டு பக்கமும், அவளுடைய ஊர்க் கிணற்றின் நிறத்தில் கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.