அவர் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு தனியார் கலை அறக்கட்டளை, ஓவியர்களுக்கு ஓராண்டு உதவித்தொகை தருவதற்காகத் திண்டிவனத்தில் நேர்காணல் வைத்தது. தமிழ் தெரியாத நடுவருக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மரக்காணத்தை ஒட்டிய மீனவக் குப்பத்துக்காரர். நல்ல உயரம். நகக்கண்ணெல்லாம் சிவப்பு பெயிண்ட். யாரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவெடுப்பார். நடுவரையும் அப்படித்தான் பார்த்தார்.

அவர் விரித்த படங்கள் எல்லாமே விக்கிரவாண்டி சுங்கச்சாவடிதான். மழையில் வரிசையாக நிற்கும் வண்டிகள், ஈரத் தார்ச்சாலையில் பரவிக் கிடக்கும் சிவப்பு வெளிச்சம். நான் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன்.

"இதில் உங்கள் கடல் எங்கே? வலை, படகு, உங்கள் மக்களின் துயரம், இவற்றை வரைந்தால் உதவித்தொகை நிச்சயம்" என்றார் நடுவர் ஆங்கிலத்தில். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"கடல தெனமும் பாத்துக்கினுதாங்க கீறேன். வரையணும்னு தோணல. எங்க அழுகைய வரைஞ்சாதான் நான் ஆர்ட்டிஸ்டா? மொதல்ல அவரு வூட்டு அழுகைய வரையச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறாராம் என்று மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைப்பு எனக்கு.

அவர் முகம் இறுகியது. "எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது சார், கேட்டா புரியும். நான் சொன்னத சொல்லுங்க."

சொன்னேன். நடுவர் ஃபைலை மூடினார். அந்தப் பெண் படங்களைச் சுருட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே வெளியேறினார்.

நடுவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அவராவது முகத்துக்கு நேரே கேட்டார். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கியவன் நான்.