திருமுல்லைவாயிலில் ஒரு சிலோன் படகு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பாய்மரப் படகு நின்றது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. திருமுல்லைவாயிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கட்டியவர் என் வீட்டுக்காரர். அம்பத்தூரில் ஒரு வார்ப்பட ஆலையில் தச்சர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள்; அந்த மர உருவத்தைச் செய்வதுதான் அவர் வேலை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகத்தில் ஒரு படகின் வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பூந்தமல்லியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுத்தியல் சத்தம். ஊர் ஏரி நிரம்பியபோது அதில் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சிலோனுக்கே போய் வருவது என்று முடிவு கட்டினார்கள்.

எனக்குப் படகும் வேண்டாம், கடலும் வேண்டாம். என் அக்கா யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் குழந்தைகள் இரண்டையும் நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் போய்விடலாம், ஆனால் இவருக்குக் கப்பலில் வர மனசில்லை, தனியாக அனுப்ப மாமியார் சம்மதிக்கவில்லை. "புருஷனோட போறதுன்னா கட்டுமரத்துல வேணா போ" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாட்டுக் கடலுக்குள் போவது என்றால் சும்மாவா? பாஸ்போர்ட், விசா, அம்மை ஊசி, காலரா ஊசி, படகில் உள்ள கயிறு, விளக்கு, அரிசி வரை எழுதிய பட்டியல் மூன்று பிரதி. அவர்கள் இருவருக்கும் இங்கிலீஷ் எழுத வராது. எல்லா விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். கடைசியில் துறைமுக ஆபீசில் ஒரு சட்டம் சொன்னார்கள்: பதினெட்டு அடி வரை உள்ள படகில் இரண்டு பேர்தான் போகலாம், நீளம் அதற்கு மேல் இருந்தால் மூன்று பேர். வரைபடப்படி எங்கள் படகு சரியாகப் பதினெட்டு அடி.

"நீ அடுத்த தபா வா. இப்ப நானும் அண்ணாத்தேயும் போய்ட்டு வந்துர்றோம்" என்றார் இவர்.

"யாழ்ப்பாணத்துல இருக்கறது எனக்கு அக்காவா, உங்க அண்ணாத்தேக்கு அக்காவா?"

"தங்கச்சி, நான் வேணா நின்னுக்கறேன்" என்றார் அண்ணன். நல்ல மனசு. ஆனால் அவர் இல்லாமல் இவருக்கு அந்தப் பாய்த் துணியை ஏற்றவும் தெரியாது, இறக்கவும் தெரியாது. வயிறு எரிய எரிய அவர்கள் இருவர் பெயரை மட்டும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் படகை அளக்கத் துறைமுக ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி மின்சார ரயிலில் வந்து இறங்கினார். டேப்பை எடுத்து முன்னும் பின்னும் பிடித்து அளந்தவர், விண்ணப்பத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பதினெட்டு அடி ரெண்டேகால் அங்குலம் வருதே. நீங்க எழுதிக் கொடுத்தது இந்தப் படகுதானா?"

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தன் ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். அதில் சரியாகப் பதினெட்டு. அதிகாரி டேப்பை ஸ்கேலுக்குப் பக்கத்தில் நீட்டியதும்தான் இவர் தலையில் அடித்துக்கொண்டார். அது ஆலையின் ஸ்கேல். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்று அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடுதலாக வைத்தே கோடு போட்டது. பதினைந்து வருஷமாக அதையே பிடித்த கை, படகுக்கும் அதையே எடுத்திருக்கிறது.

"இன்னா நைனா, படகும் ஆறிச்சின்னா சுருங்கும்னு நெனச்சுக்கினு இருந்தியா?" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொழில்காரனுக்கு அளவு தப்பினால் மானம் போன மாதிரி. "ரெண்டு நிமிசம் சார். பின்னாடி ரெண்டேகால் அங்குலம் அறுத்துட்டா சரியாப் பூடும்" என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை எடுத்துப் படகின் வாலில் வைத்தார்.

நான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன். அந்நிய ஆண் ஒருவர் நிற்கிறாரே என்ற கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "சார், பதினெட்டுக்கு மேல போனா மூணு பேர்தானே?" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார். "ஆமாம்மா. வேற பாரம் எழுதிக் குடுங்க" என்றார்.

ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிப் புது விண்ணப்பம் எழுதினேன். மூன்றாவது வரியில் என் பெயரை எழுதும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முகம் அப்படியே கண்ணுக்குள் நின்றது. மை கலைந்துபோய் இரண்டாவது பாரமும் எழுத வேண்டியதாயிற்று.

வெளியே வந்து பார்த்தால், கொல்லையில் இவர் இன்னமும் அறுத்துவிடலாம் என்றுதான் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும் வரை நான் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.