மியூனிச் போய்வந்த கொம்பியூட்டர்

நாலு மாதத்தில் அந்தக் கொம்பியூட்டர் மூன்று தடவை மியூனிச்சுக்குப் போய் வந்துவிட்டது. அதன் சொந்தக்காரி சிவகௌரிக்கோ ஹம்பேர்க் எல்லையைத் தாண்டவே அனுமதியில்லை. ஜெர்மனியில் அகதி வழக்கு முடியும்வரை வெளியூர் போகக்கூடாது, வேலையும் செய்யக்கூடாது.

"என்னைவிட இந்தப் பெட்டி கூட ஊர் பாத்திட்டுது" என்று கணவன் தவராசாவிடம் சொல்லிச் சிரித்தாலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள். காப்பை விற்று இந்தக் குவாட்ரோனா கொம்பியூட்டரை வாங்கி, தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து டிஸ்கெற் தகட்டில் சேர்த்திருந்தாள். விஜயதசமிக்கு அங்குள்ள தமிழர்கள் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கப் போகிறார்கள். அரிச்சுவடி அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். தொடக்கத்தில் ஒழுங்காக ஓடிய பாழாய்ப்போன பெட்டியோ இப்போது டிஸ்கெற்றைப் போட்டதும் நறநறவென்று பல்லைக் கடிக்கும், பிறகு அசையாது.

மியூனிச்சில் இருக்கும் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால் அரை மணி நேரம் பாட்டுப் போடுவார்கள். பிறகு ஒரு பெண் வந்து, "மின்சாரம் கொடுத்தீர்களா?" என்பாள். பெண்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. பெட்டியை அனுப்பினால் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்ற துண்டுச் சீட்டோடு திரும்பி வரும். அந்தத் துண்டு எழுதினவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கலாம்!

நாலாம் தடவை பெட்டி கட்டும்போது தட்டைவடை சுட்டு, ஒரு பை நிறைய உள்ளே வைத்தாள்.

"உமக்கென்ன விசரே? கொம்பியூட்டரோட வடையோ?" என்றான் தவராசா.

"ஒருத்தர் வாசலுக்கு வெறுங்கையோட போகலாமோப்பா? மூண்டு தரமும் நாங்கள் செய்த பிழை அதுதான்."

விஜயதசமிக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒரு நெட்டை ஜெர்மன்காரர் கதவைத் தட்டினார். கையில் அவளுடைய கொம்பியூட்டர். மியூனிச்சில் அதைத் திருத்துகிறவர், பெயர் குறூகர்; அந்தத் துண்டுகளை எழுதினவரும் அவர்தான். ஹம்பேர்க்கில் இருக்கும் தாயைப் பார்க்க வந்தவர், கையோடு கொண்டுவந்திருந்தார்.

"உங்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் 'பழுதில்லை' என்று எழுதக் கை வரவில்லை, அம்மா" என்றார். "இந்த மாடல் எல்லாவற்றிலும் டிஸ்கெற்றைச் சுழற்றுகிற மோட்டர் பிழை. அதை எழுத வேண்டாமென்று மேலிடத்து உத்தரவு. நான் வேறு கொம்பனி மோட்டர் போட்டிருக்கிறேன்."

கேட்க நினைத்த நாலு கேள்வியும் சிவகௌரிக்கு மறந்துபோயின. ஓடிப்போய்த் தேநீர் போட்டாள்.

டிஸ்கெற்றைப் போட்டு அடிக்கவிட்டதும் பக்கத்திலிருந்த பிரின்ரர் கீச்சிட்டு 'அ'னாவைத் துப்பியது. பின்னாலேயே 'ஆ'வன்னா. சிவகௌரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டாவது புத்தகம் அடித்து முடியும்வரை குறூகரும் எழும்பவில்லை, தவராசாவோடு தரையில் குந்தியிருந்து தாள் அடுக்கினார்.

போகும்போது, பெட்டியை ஒப்படைத்ததற்கான கொம்பனிப் படிவம் ஒன்றை நிரப்பத் தொடங்கினார். பெயர், விலாசம் எழுதியானது.

"தொழில்?"

அரசாங்கக் கந்தோர்களில் படிவம் நிரப்பும்போது இந்தக் கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று முந்திச் சொல்கிறவன் தவராசா. அன்றும் வாயெடுத்தான்.

"பொறுங்கோப்பா" என்று அவனை மறித்த சிவகௌரி, குறூகரைப் பார்த்து ஜெர்மனில் தெளிவாகச் சொன்னாள்.

"அச்சுக்காரி என்று எழுதுங்கள்."