கவிழ்த்த மோர்

துளசிங்கம் யார் காலையும் பிடித்து மேலே வந்தவரில்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கூலிக் குடும்பம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருத்தணித் தெருக்களில் கொசுமருந்துப் புகையடிக்கும் மிஷினைத் தோளில் மாட்டியவர். படித்த அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற சாக்கடையில் முழங்கால்வரை இறங்கினார். மேஸ்திரியானார், மேற்பார்வையாளரானார். சுகாதார அலுவலர் ஓய்வுபெற்ற இடத்துக்கு ஆள் வராததால், ஊரின் சுகாதாரம் முழுக்க அவர் பொறுப்புக்கு வந்தது. அந்த நாற்காலியிலிருந்தே ஓய்வுபெற்று, மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போகவேண்டும். அதற்குமேல் அவருக்கு ஒரு ஆசையும் கிடையாது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரத்தில் அவருடைய அக்காள் புருஷன் கஜபதி மோர்ப்பந்தல் போட்டிருந்தார். எல்லாக் கட்சிக்காரனும் வீடு தேடி வரும் பெரிய மனிதர். பந்தலுக்கென்று துளசிங்கம் அனுப்பிய லாரித் தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா பாவா இது?”

“ப்ளீச்சிங் பவுடர் நாத்தம்டா. வெரதம் இருந்து காவடி தூக்கினு வர்றவனுக்கு ஆஸ்பத்திரித் தண்ணியா குடுப்பாங்க? நம்ம கொல்லைக் கிணத்துல எடுத்துக் கலக்கிட்டேன். எளநியாட்டம் கீது. ஒரு டம்ளர் குடி.”

அந்தக் கிணற்றைச் சுற்றிய முள்ளுக்காட்டில்தான் முந்தின நாளிலிருந்து யாத்திரைக் கூட்டம் வெளிக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. மழை வேறு பெய்திருந்தது. கிணற்றுக்குச் சுவர்கூடக் கிடையாது.

“கொட்டிடு பாவா. வேற லாரி அனுப்புறேன்.”

“சாமி மோரைக் கொட்டுறதா? போடா, போய்க் குப்பையை அள்ளு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு அண்டா மோர் ஏற்கெனவே ஜனங்களின் வயிற்றுக்குள் போயிருந்தது. துளசிங்கம் மிச்ச அண்டாக்களை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தார். பொழுது சாய்வதற்குள், முருகனுடைய மோரைத் துளசிங்கம் காலால் உதைத்தான் என்று ஊர் பேசியது.

அக்காள் பேச்சை முறித்தாள். கஜபதி மேலிடத்துக்குப் போய், துளசிங்கத்தின் வேலைக்கே விசாரணை கொண்டுவந்தார். விசாரணையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

“அத்தினி பேர் குடிச்சானுங்களே, எவனுக்காவது வயித்தால போச்சா? ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்க.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று துளசிங்கம் எழுந்தார். குடித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கே பஸ் ஏறி ஆந்திராவுக்குப் போயிருந்தார்கள். அங்கே யாருக்கு என்ன ஆனதோ, யார் கண்டது? நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“ஒருத்தரும் வர்லீங்க சார்,” என்றாள் நர்ஸ் தேவகி. “இந்த வருஷம் நிம்மதியா போச்சு. எல்லாம் உங்க வேலைதான்.”

“நல்லா பாரும்மா. ஒருத்தர்கூடவா இல்ல?”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் நம்பாமல் வார்டுக்குள் நுழைந்து கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு கிழவர் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தார். துளசிங்கத்துக்கு நெஞ்சு துள்ளியது.

“வயித்தாலயா போவுது, நைனா?”

“இல்லப்பா. கால் முறிஞ்சிடுச்சு.”